கள்ளிக்குத் தண்ணி வேணாம்னு எவன்யா சொன்னது?

"தண்ணி வேணாம், வெயில் வேணாம், மேசை மேல வச்சுட்டு மறந்துடுங்க சார்." நர்சரிக்குப் போனா, பீங்கான் கோப்பையில எலுமிச்சம்பழ சைஸ் முள் உருண்டையை நீட்டி இப்படித்தான் சொல்றாங்க. செடி வியாபாரத்துல இதைவிடப் பெரிய புளுகு கிடையாதுங்கறது என் கட்சி.

கோல்டன் பேரலையே எடுத்துக்குங்க. தங்கக் கலர் முள்ளோட பந்து மாதிரி இருக்குமே, அதேதான். சொந்த ஊர் மெக்சிகோவுல கேரேத்தரோ, இடால்கோ பக்கம். பாறைச் சரிவுல உச்சி வெயில்ல உக்காந்திருக்கும். மழை வந்தா வயிறு முட்டக் குடிச்சுட்டு, மாசக்கணக்குல அதை வச்சே ஓட்டும். உடம்புல இருக்கற மடிப்பெல்லாம் ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரியவும் சுருங்கவும்தான். பகல்ல துளைகளை மூடிக்கிட்டு ராத்திரிதான் காத்தை உள்ள இழுக்கும். தண்ணியை இவ்ளோ கணக்குப் பாத்துச் செலவழிக்கற ஜீவனுக்குத் தண்ணியே வேணாமாம். சிக்கனக்காரனுக்குச் சம்பளமே வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கு :-)

ஏசி ரூம்ல வச்சா உடனே சாகாது, அதான் பிரச்சினையே. உள்ள இருக்கற தண்ணியைத் தின்னுக்கிட்டு மாசக்கணக்குல பச்சையாவே நிக்கும். வெளிச்சம் தேடி உச்சி மட்டும் வெளிறிப்போய்க் கூம்பா நீளும். பாக்கறவங்க "ஆஹா, வளருதே!"ம்பாங்க. பட்டினியில நீளுது அய்யா அது.

அடியில ஓட்டை இருக்கற மண்தொட்டி வேணும். பாதிக்கு மேல பொடிக்கல்லும் பெருமணலும், மிச்சம் செம்மண், கொஞ்சூண்டு மக்கின எரு. ஊத்தினா ஓட்டை வழியா வழியற அளவுக்கு ஊத்துங்க. அப்புறம் மண் அடிவரைக்கும் காயாம திரும்பத் தொடாதீங்க. தினம் ஒரு ஸ்பூன் விடறது ரெண்டுங்கெட்டான் வேலை, ஓட்டையில்லாத கோப்பையில வேர்தான் அழுகும். ஐப்பசி அடைமழைக்குக் கூரைக்கடியில நகர்த்திடணும். நிழல்ல இருந்ததை ஒரே நாள்ல மொட்டை மாடியில வச்சா தோல் வெந்துடும். பத்துப் பதினஞ்சு நாள் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்.

அப்புறம் அந்த ரோஸ் பூ. கால்பந்தை விடப் பெரிசாகாம கோல்டன் பேரல் பூக்காது, அதுக்கு வருஷக்கணக்காகும். பூத்தாலும் மஞ்சள்தான், அதுவும் உச்சந்தலையில. எலுமிச்சை சைஸ் செடியில ரோஸ் பூ இருந்தா அது பசை வச்சு ஒட்டின காஞ்ச பூ. காசு வாங்கிட்டு காதுல பூ சுத்தறாங்க, செடி தலையிலயும்!

கம்ப்யூட்டர் கதிர்வீச்சை உறிஞ்சும்னு இன்னொரு கூத்து. பக்கத்துல வச்ச செடி, தன் மேல படறதைத்தான் தடுக்கும். உங்க மூஞ்சிக்கு நேரா வர்றதை எப்படி இழுக்கும், காந்தமா அது?

எனக்குக் கோவம் வர்றது எதுக்குன்னா, காட்டுல இந்த இனம் அழிவின் விளிம்புல நிக்குது. 1990-கள்ல சிமாபான் அணை கட்டினப்ப அதோட இடம் ஒரு பகுதி தண்ணிக்குள்ள போச்சு. தோட்டத்துக்குன்னு பிடுங்கினது வேற. நர்சரிகள்ல விதை போட்டு ஏராளமா வளக்கறதால, செத்தா இன்னொண்ணு வாங்கிக்கலாம்ங்கற தெனாவட்டு நமக்கு. பல பத்து வருஷம் வாழ வேண்டியதை பேனா ஸ்டாண்ட் மாதிரி நடத்தறோம்.

பி.கு: நம்ம ஊர் சதுரக்கள்ளி கேக்டஸே இல்லை, வேற குடும்பம். உடைச்சா பால் வடியும், கண்ணுல பட்டா ஆபத்து. சப்பாத்திக்கள்ளிதான் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த அசல் கேக்டஸ்.