இலவச வைத்தியத்துக்கு ஆகும் செலவு

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட்டும் இல்லை. அப்புறம் என்ன செலவு என்று கேட்கலாம். கொடுங்கையூரிலிருந்து சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும் ஒரு கூலிவேலைப் பெண்ணுக்கு அன்றைய கூலி போச்சு. துணைக்குப் போகும் மகனுக்கும் ஒரு நாள் லீவு. காமர்ஸ் புத்தகத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். எந்த ஓபி சீட்டிலும் இது ஏறாது!

இதற்காக ஸ்டான்லியைக் குறை சொல்வது நியாயமில்லை. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. பழைய ஆட்களுக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. மெஷினில் கை சிக்கிய தொழிலாளிக்கு, டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கேதான் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பிரஷர் மாத்திரைக்கும் சளிக்கும் வரிசை நின்றால், சிக்கலான கேஸுக்கும் நேரம் குறைகிறது, சளிக்கு வந்தவருக்கும் நாள் வீணாகிறது.

ஐரோப்பாவில் மால்டா என்று ஒரு குட்டி நாடு. மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியை விடச் சின்னது. அங்கே 2007-இல் திறந்த மாட்டர் டேய்தான் பெரிய ஆஸ்பத்திரி. ஆனால் ஊர் ஊராகச் சுகாதார மையங்கள் உண்டு, சில இரவு பகல் திறந்திருக்கும். பணக்கார நாடு, ஜனமும் கம்மி, ஒப்பிடலாமா என்றால், பணத்தை அல்ல, கடிகாரத்தை ஒப்பிடலாம்.

தமிழ்நாட்டிலும் அந்த யோசனை வராமல் இல்லை. 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறந்தபோது மாலை நேரமும் சேர்த்தே அறிவித்தார்கள். 2025-இல் பெரியார் நகரில் வந்த பல அடுக்கு ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த கைதட்டல் இதற்குக் கிடைக்கவில்லை. கட்டடம் போட்டோவில் நன்றாக விழும், நேரம் விழாது. ஆனால் வேலை முடிந்து வருபவருக்கு அந்த மாலை நேரம்தான் ஆஸ்பத்திரி.

இரவுதான் இன்னும் மிச்சம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு வாக்கில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். ஷிப்ட் வேலையும் குப்பைமேட்டுப் புகையும் மணி பார்த்து வருவதில்லை. எண்ணூர், திருவொற்றியூர், கொடுங்கையூர் மூன்றிலும் ஆளுக்கொரு மையத்தையாவது ஒரு டாக்டர், ஆக்சிஜன், நெபுலைசரோடு விடிய விடிய நடத்தலாம். அடுத்த பட்ஜெட்டில் மாநகராட்சி கவுன்சிலர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.