இத்தாலியமா? இத்தாலியச் சாயலா?



ஆங்கிலத்தில் 'இத்தாலியன்', 'இத்தாலியனேட்' என இரு சொற்கள் உள்ளன. முன்னது இத்தாலிக்கே உரியதைக் குறிக்கும். பின்னது இத்தாலியக் கலையைத் தழுவிப் பிறர் ஆக்கியதைக் குறிக்கும். மொழிபெயர்ப்போர் பலர் இரண்டையும் 'இத்தாலிய' என்றே எழுதிவிடுகின்றனர். அதைக் காணும் மாணவன், வேறுபடுத்திச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்று எண்ணிவிடுகிறான். இவ்வெண்ணம் வேரூன்றலாகாது.

ஜான் நாஷ் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1802ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் சுரோப்சயர் வட்டாரத்தில் குரோங்கில் என்னும் வீட்டை வடிவமைத்தார். உருண்டைக் கோபுரம், அரைவட்ட வளைவுகள், நீண்ட இறவாரம் ஆகியன இத்தாலிய நாட்டுப்புற வீடுகளை நினைவூட்டின. ஆயினும் அஃது இத்தாலியில் எழுந்ததன்று. இத்தாலியர் படைத்ததும் அன்று. அதனை 'இத்தாலிய வீடு' என்பது தவறு. 'இத்தாலியச் சாயல் வீடு' என்பதே பொருந்தும்.

நம் கெடா மாநிலத்திலும் சான்று உண்டு. அலோர்ஸ்டாரில் உள்ள சாகிர் பள்ளிவாசல், சுமத்திராவின் லங்காட்டிலுள்ள அசிசி பள்ளிவாசலின் சாயலில் அமைந்தது. அதனால் அதை யாரும் லங்காட் பள்ளிவாசல் என்பதில்லை.

இதற்கு நேர்மாறானது தேம்பாவணி. அதை இயற்றிய வீரமாமுனிவர் இத்தாலியில் 1680இல் பிறந்தவர். காப்பியமோ நாட்டுப் படலம், நகரப் படலம் எனத் தமிழ் மரபில் தொடங்குகிறது. ஆசிரியர் இத்தாலியர், நூல் தமிழ்க் காப்பியம். பிறப்பு வேறு, சாயல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

வேறுபாட்டை அறிவது கடைத்தெருவிலும் உதவும். ஜொகூரின் மூவாரில் செய்த நாற்காலி 'இத்தாலியப் பாணி' என்னும் அட்டையுடன் சுங்கைப்பட்டாணிக் கடையில் நிற்கலாம். 'பாணி' என்ற சொல்லைக் கவனியாதவர், இத்தாலியிலிருந்து வந்ததென நம்பிப் பணம் கொடுப்பார்.

போல, புரைய, ஒப்ப எனப் பன்னிரண்டு உவம உருபுகளை எண்ணிக் காட்டி, பிறவும் உண்டு என்கிறது நன்னூல். ஒப்புமையைச் சொல்ல இத்துணை உருபுகளைக் கொண்ட மொழிக்குச் சொற்பஞ்சம் ஏது?

ஆசிரியர்களே, இத்தகைய சொல் வரும்போது மாணவரிடம் இரு வினாக்களைக் கேளுங்கள்: இஃது எங்கே பிறந்தது? எதனைப் போன்றது? முதல் வினாவுக்கு விடை இத்தாலி எனின் 'இத்தாலிய' என்று எழுதட்டும். இரண்டாவதற்கு மட்டும் அதுவே விடையெனின் 'இத்தாலியச் சாயல்' என்று எழுதட்டும். பெற்றோர்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.