பழம் தின்று கொட்டை போட்டவன்

அனுபவசாலிகளைப் 'பழம் தின்னு கொட்டை போட்டவன்' என்பார்கள். நான் நிஜமாகவே போட்டவன்.

2012 மே மாதம். அம்மா பங்கனபள்ளிக் கொட்டையைக் கடைசிவரை சப்பிவிட்டு, "கேட்டோரமாப் போடுடா. முளைச்சா முளைக்கட்டும்" என்றாள். போட்டேன். என் தோட்டக்கலைச் சேவை அத்தோடு முடிந்தது.

முளைத்தது. செம்பு நிறத்தில் நாலு இலை. அம்மா அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி ஊற்றியே ஆளுயரம் ஆக்கினாள். பக்கத்தில் பப்பாளி விதையும் தூவினாள். ஆறே மாதத்தில் சரம் சரமாகப் பூ. காய் மட்டும் இல்லை. ஆண் மரமாம். மனிதரில் பிறக்கும்வரை பொறுத்தால் போதும். பப்பாளியில் பூக்கும்வரை பொறுக்கணும்.

மாமரம் அவசரப்படவில்லை. 2018-ல் அம்மா போய்விட்டாள். மரம் முதலில் காய்த்தது 2021-ல். மொத்தம் 11 காய். வைக்கோலில் பழுக்கவைத்து, குடும்பத்தோடு வட்டமாக உட்கார்ந்து வெட்டினோம்.

புளிப்பு! ஊரிலிருக்கும் நாரெல்லாம் அதில் இருந்தது.

"வெட்டிட்டு கார் ஷெட் போடுங்க" என்றாள் மனைவி.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நர்சரிக்காரரைக் கூப்பிட்டேன். மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். "கொட்டையில அப்பன் பேர் எழுதியிருக்காது சார்."

தாய் பங்கனபள்ளிதான். ஆனால், ஈ எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து ஒட்டியதோ! கேரளத்து ஒளூர், சந்திரக்காரன் போன்ற ரகங்களில் ஒரே கொட்டையிலிருந்து பல முளை கிளம்புமாம். அவற்றில் பல, தாயை அப்படியே உரித்து வைத்திருக்கும். நம் பங்கனபள்ளி, மல்கோவாவெல்லாம் ஒற்றை முளை. என்ன வரும் என்பது லாட்டரி. அதனால்தான் ஒட்டுக்கன்று வாங்குகிறோம்.

"அப்ப முதல் பங்கனபள்ளி மரம் எப்படி வந்தது?"

"அதுவும் எவனோ துப்பின கொட்டையாத்தான் சார் இருக்கும். பழம் நல்லாயிருந்திருக்கு, பேரு வெச்சு ஒட்டுக் கட்டிட்டாங்க."

அம்மாவுக்குப் பரிசு விழவில்லை, அவ்வளவுதான்.

வழியும் அவரே சொன்னார். கிளையைத் தறித்துவிட்டு, துளிர்த்து வரும் தளிரில் பங்கனபள்ளி ஒட்டுக் கட்டலாம். "முழு மரமும் பண்ணிடவா?"

நான் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள். "பாதி போதும். அந்தப் பக்கக் கிளை அப்படியே இருக்கட்டும்."

"ஏன்?"

"ஆவக்காய்க்குப் புளிப்பும் நாரும் இருந்தாத்தான் ஊறினப்புறம் குழையாது. அத்தை சொல்லுவாங்க."

இப்போது பாதி மரம் பழத்துக்கு, பாதி ஊறுகாய்க்கு. வருஷா வருஷம் மே மாதம் கையில் குச்சியோடு காவல் நிற்பது, வெட்டச் சொன்ன அதே மனைவி.

கார் தெருவில் நிற்கிறது.