கிணற்று நீரும் குழாய் நீரும்

சில வழக்குகளுக்குத் தீர்ப்பே கிடையாது. வீணை உயர்ந்ததா, பிடில் உயர்ந்ததா என்று நாலு ரஸிகர்கள் கூடிய இடத்தில் தொடங்கும் விவாதம், காப்பி ஆறிப் பச்சைத் தண்ணீரான பிறகும் முடிவதில்லை. சினிமாப் பிரியர்களிடையே சுமார் இருபது வருஷமாக நடந்துவரும் விவாதம் ஒன்றும் இந்த ரகத்தைச் சேர்ந்ததாகவே தோன்றுகிறது. படத்தைத் துல்லியமாகப் பதித்த தகட்டை விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லதா? அல்லது அதே படத்தை வேகமான இன்டர்நெட் மூலம் வேண்டும்போது இறக்கிக்கொள்வது நல்லதா? "வேகந்தான் வந்துவிட்டதே, இனித் தகடு எதற்கு?" என்கிறது ஒரு கட்சி. "தகட்டுக்கு ஈடு தகடுதான்" என்கிறது மற்றொரு கட்சி.

இரு கட்சியாரும் இரண்டு வெவ்வேறு வழக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். படம் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பது ஒரு வழக்கு. படம் யார் வசத்தில் இருக்கிறது என்பது இன்னொரு வழக்கு. தனித்தனியாக விசாரித்தால் இரண்டுக்கும் தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

தகட்டின் பூர்வ கதை

2006-ஆம் வருஷத்தில் இரண்டு வகைத் தகடுகள் சந்தைக்கு வந்தன. டோஷிபா கம்பெனியார் முன்னின்று கொண்டுவந்தது எச்.டி. டிவிடி. ஸோனி முதலிய கம்பெனிகள் கூடிக் கொண்டுவந்தது புளூரே. பழைய டிவிடியைப் படிக்கும் சிவப்புக் கதிரின் அலை நீளம் 650 நானோமீட்டர். புதிய தகடுகளைப் படிக்கும் நீல ஊதாக் கதிருக்கோ 405 தான். பேனா முள் மெலிந்தால் அதே காகிதத்தில் அதிக எழுத்துக்கள் எழுதலாமல்லவா? 12 செண்டிமீட்டர் அகலமுள்ள அதே வட்டத்தில், டிவிடி ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட் கொண்டது; புளூரே 25 ஜிகாபைட் கொண்டது. அடுக்கு இரண்டானால் 50.

இரண்டு தகடுகளுக்கும் நடந்த யுத்தம் இரண்டு வருஷந்தான் நீடித்தது. 2008 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் படக் கம்பெனி புளூரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரியில் டோஷிபா ஆயுதத்தைக் கீழே வைத்தது.

ஆனால் ஜயபேரிகை முழங்கும் முன்பே புதிய எதிரி வாசலில் வந்து நின்றுவிட்டது. அதே 2008 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனியார் துல்லியப் படங்களை இன்டர்நெட் மூலம் வாடகைக்கு விடப் போவதாக அறிவித்தார்கள். முப்பது நாளைக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். தொடங்கினால் 24 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும். இவை அன்றைய நிபந்தனைகள். நிபந்தனை என்ற இந்தச் சொல்லை நேயர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கவேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

கொஞ்சம் கணக்கு

இரண்டு மணி நேரப் படம் ஒன்று புளூரே தகட்டில் 30 ஜிகாபைட் இடத்தை அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டர்நெட் கம்பெனிகள் தங்கள் வேகத்தை மெகாபிட் கணக்கில் விளம்பரம் செய்கின்றன. தகட்டின் கொள்ளளவோ பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகையால் விளம்பரத்தில் காணும் எண்ணை எட்டால் வகுத்துப் பார்ப்பது குடும்பத்துக்கு க்ஷேமம்.

விநாடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அந்தப் படத்தை இறக்க 66 மணி 40 நிமிஷம் ஆகும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் திங்கட்கிழமை மத்தியானம் முடியும். அதற்குள் பக்கத்து ஊர்க் கடைக்கு நடந்தே போய்த் தகட்டை வாங்கிவந்து, படத்தை இரண்டு தடவை பார்த்தும் விடலாம். 100 மெகாபிட் இணைப்பானால் 40 நிமிஷம். 1000 மெகாபிட் ஆனால் நான்கே நிமிஷம். அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்து வீடுகளுக்குக் கூகிள் கம்பெனியார் 2012-லேயே இந்த 1000 மெகாபிட் இணைப்பைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே, வேகம் போதாது என்ற பழைய ஆட்சேபம் நல்ல இணைப்புள்ள வீடுகளைப் பொறுத்தவரையில் செல்லாது.

சுருக்கிச் சொல்லும் வித்தை

இவ்வளவு வேகம் இருந்தும், தகட்டில் உள்ள படமும் வலையில் வரும் படமும் ஒன்றாக இருப்பதில்லை. அனுப்புகிறவர்கள் முழுப் படத்தை அனுப்புவதில்லை என்பதே காரணம். நாற்பது நாள் சொல்லவேண்டிய இராமாயணத்தை ஒரே இரவில் முடிக்கும் பாகவதரைப்போல் அவர்கள் சுருக்கிவிடுகிறார்கள். தகட்டிலும் சுருக்கம் உண்டு. ஆனால் அது தாராளமான சுருக்கம். 2016-இல் வந்த அல்ட்ரா எச்.டி. புளூரே தகடு 100 ஜிகாபைட் வரையில் கொள்ளும்; விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் கொடுக்க வல்லது. அதே உயர்தரப் படத்தைப் பார்க்க 15 மெகாபிட் இணைப்புப் போதும் என்கிறார்கள் நெட்பிளிக்ஸ் கம்பெனியார். இரண்டு மணி நேரத்துக்கு அது 13.5 ஜிகாபைட் ஆகிறது.

ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் மாறிய பகுதியை மட்டும் எழுதிக்கொள்வதே இந்தச் சுருக்கும் வித்தையின் சூக்ஷ்மம். அசையாத சுவருக்கு எதிரே இருவர் பேசிக்கொண்டிருந்தால் ஒரு நஷ்டமும் தெரியாது. மழை பெய்யும்போதும், புகை சுழலும்போதும், ஜனக்கூட்டம் ஓடும்போதும் திரையில் எல்லாமே மாறுகின்றன. அப்போதுதான் சிக்கனக்காரரின் சாயம் வெளுக்கிறது. இருட்டான வானம் படிப்படியாக மங்குவதற்குப் பதில் பட்டை பட்டையாகத் தெரியும். ஒலி விஷயத்திலும் அப்படியே. தகட்டில் மூலப் பதிவை ஒரு துளியும் குறையாமல் வைக்க இடமுண்டு. வலையில் வரும் ஒலி பெரும்பாலும் சுருக்கப்பட்டதே.

இன்டர்நெட் கட்சிக்கும் நியாயம் செய்யவேண்டும். சுருக்கும் வித்தை நாளுக்கு நாள் தேர்ச்சி அடைந்து வருகிறது. 2013-இல் வந்த முறையும் 2018-இல் வந்த முறையும், முன்னைவிடக் குறைந்த பிட்டுகளில் முன்போன்ற படத்தையே தருகின்றன. கைக்கு அடக்கமான திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. அன்றியும், முழுப் படத்தையும் அனுப்ப மனமிருந்தால் வழியும் இருக்கிறது. காலிபோர்னியாவிலுள்ள கலைடஸ்கேப் என்னும் கம்பெனி, தகட்டுக்கு நிகரான தரத்தில் படங்களை வீட்டிலுள்ள பெட்டிக்கே இறக்கித் தருகிறது. பெட்டியின் விலைதான் மாளிகைவாசிகளுக்கு ஏற்றது. ஸோனி கம்பெனியாரும் 2021-இல் தங்கள் டெலிவிஷன் பெட்டிகளுக்கு விநாடிக்கு 80 மெகாபிட் வரையில் படம் அனுப்பத் தொடங்கினார்கள்.

ஆகவே முதல் வழக்கில் தீர்ப்பு இது: வலையில் வரும் படம் தகட்டுக்கு ஈடாக முடியும். ஆனால் சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைப்பது ஈடாக இல்லை. இந்தக் குறை செலவைப் பொறுத்தது, என்றேனும் தீரக்கூடியது.

சாவி யார் கையில்?

நிற்க. இரண்டாவது வழக்குக்கு வருவோம். நகரசபைக் குழாயில் தண்ணீர் வந்தபிறகு வீட்டுக் கிணற்றைத் தூர்த்தவர்கள் எத்தனையோ பேர். குழாய் சௌகரியமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குழாய் எவ்வளவு பருமனாயிருந்தாலும், அதைத் திறந்து மூடும் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது.

2020 மார்ச்சில், கொள்ளைநோய் காரணமாக ஐரோப்பியர் யாவரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, ஐரோப்பிய யூனியன் அதிகாரிகளின் வேண்டுகோளுக்கு இணங்கி நெட்பிளிக்ஸ் கம்பெனியார் முப்பது நாளைக்குத் தங்கள் பட ஓட்டத்தைக் குறைத்தார்கள். வலை திணறாமல் இருக்கச் செய்த நியாயமான காரியந்தான். ஆயினும் அந்த மாதத்தில் அலமாரியிலிருந்து தகட்டை எடுத்துப் போட்டுக்கொண்டவருக்கு ஒரு பிட்டும் குறையவில்லை.

மாதச் சந்தா கட்டுகிறவர் இதற்கு வருத்தப்பட அதிக நியாயமில்லை. அவர் வாங்கியது பார்க்கும் உரிமைதான். முழு விலை கொடுத்து "வாங்கியவர்" கதை வேறு. வாங்கிய படங்களைக் கணக்கு வைத்துக் காப்பதாகச் சொல்லி 2011-இல் தொடங்கிய அல்ட்ராவயலட் என்னும் ஸ்தாபனம், 2019 ஜூலை 31-ஆம் தேதியோடு கதவைச் சாத்தியது. வேறு கடைகளோடு கணக்கை இணைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். 2023 டிசம்பரில், பிளேஸ்டேஷன் கடையில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை விலைக்கு வாங்கியிருந்தவர்களுக்கு, அவை உங்கள் கணக்கிலிருந்து அகற்றப்படும் என்று ஸோனி கம்பெனியாரிடமிருந்து ஓலை வந்தது. கூச்சல் எழுந்தது, புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது, உத்தரவு வாபஸாயிற்று. ஆனால் வாங்கிய பொருளை விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காலிபோர்னியா சர்க்கார் 2024-இல் ஒரு சட்டம் செய்தார்கள். வெறும் அனுமதியை விற்கும் கடைக்காரர், "வாங்கு" என்று சொல்வதானால், நீ பெறுவது அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது அதன் சாரம்.

தகட்டிலும் குறையுண்டு

தகட்டைத் தெய்வமாக்கி ஆரத்தி எடுக்கவேண்டியதில்லை. கீறல் விழலாம், உள்ளடுக்கு அரிக்கலாம். பூட்டு அதிலும் உண்டு. சாதாரணப் புளூரே தகடுகளுக்கு உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா முதல் மண்டலம்; இந்தியா மூன்றாவது. அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை ஆசையோடு வாங்கிவரும் தகடு இங்குள்ள யந்திரத்தில் ஓடாமல் போகலாம். அல்ட்ரா எச்.டி. தகடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அதைவிடப் பெரிய கவலை, கிணறு வெட்டுகிறவர்களே குறைந்து வருவதுதான். புளூரே யந்திரம் செய்வதை ஆப்போ கம்பெனி 2018-இலும், எல்.ஜி. கம்பெனி 2024-இலும் நிறுத்தின. 1998 முதல் தபாலில் தகடு அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ் 2023 செப்டம்பரில் கடைசி உறையை அனுப்பியது. அமெரிக்காவின் பெரிய கடையான பெஸ்ட் பை 2024-இல் படத் தகடு விற்பதையே விட்டுவிட்டது.

இதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்கலாம். அமெரிக்கப் பார்லிமெண்டு நூல் நிலையம் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1912 முதல் 1929 வரையில் அந்நாட்டில் வெளியான சுமார் 11,000 மௌனப் படங்களில் மூல வடிவில் எஞ்சியிருப்பவை நூற்றுக்குப் பதினாலுதான். நம்முடைய முதல் பேசும் படமான 1931-ஆம் வருஷத்துக் "காளிதாஸ்" இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அந்நாளில் படம் கம்பெனியின் கிடங்கில் மட்டும் இருந்தது. கிடங்கில் போனதும் எங்கும் போயிற்று. ஆயிரம் வீட்டு அலமாரிகளில் பிரதி இருக்கும் படத்துக்கு அந்தக் கதி அவ்வளவு சுலபத்தில் நேராது.

முடிவு

ஒரு தடவை பார்த்து மறக்கக்கூடிய படங்களுக்கு இன்டர்நெட்டே போதும். அவைதாம் அதிகம். பேரன் பேத்திகளும் பார்க்கவேண்டும் என்று தோன்றும் பத்துப் படங்களுக்குத் தகடு கிடைக்கிறபோதே வாங்கி, மண்டலம் பார்த்து, யந்திரத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்வது விவேகம்.

இறக்குமதிப் படம் தகட்டுக்கு மெய்யாகவே ஈடாக வழியில்லாமலில்லை. ஆப்பிள் கம்பெனியார் 2009-இல் தாங்கள் விற்கும் பாட்டுக்களின் பூட்டை அகற்றினார்கள். அன்று முதல் வாங்கிய பாட்டு வாங்கியவர் வீட்டில், கடை இருந்தாலும் மூடினாலும், ஒலித்துக்கொண்டிருக்கிறது. பாட்டு வியாபாரம் அதனால் நசித்துவிடவில்லை. அதே நியாயத்தைப் படத்துக்கும் வழங்கட்டும். நாலு நிமிஷத்தில் வந்து இறங்கும் படம், விற்றவர் தயவில்லாமலே நாற்பது வருஷம் வீட்டில் இருக்குமானால், தகட்டை நாமும் சந்தோஷமாக விட்டுவிடலாம். அதுவரையில் கிணற்றைத் தூர்க்க வேண்டாம்.