பின்னால் வருபவருக்கும் மூச்சு வேண்டும்!

ஆடி மாதம் முப்பந்தலிலிருந்து நாகர்கோவிலுக்கு சைக்கிள் மிதித்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்! முன்னால் ஒருவர் போனால், அவர் முதுகே நமக்குச் சுவர்.

இருவர் ஜோடியாக நேரத்தோடு மோதும் சைக்கிள் பந்தயத்தின் சூட்சுமம் இதுதான். மாறி மாறி முன்னால் வந்து காற்றைத் தாங்குவார்கள். ஆனால், இரண்டாவது ஆளும் கோட்டைத் தொட்டால்தான் கணக்கு! 1962-ல் இத்தாலியின் பராக்கி கோப்பைப் பந்தயத்தில் பிரான்சின் ஆங்க்தீல் தளர்ந்துபோனார். ஜோடியான மேற்கு ஜெர்மனியின் ஆல்டிக் அவரை விட்டுவிட்டுப் பறக்கவில்லை; கையால் தள்ளித் தள்ளியே கூட்டி வந்தார். ஜெயித்ததும் அவர்கள்தான்.

நம் ஊர்க் கதை வேறு. “சுசீந்திரம் போய்த் திரும்பி டீயும் குடிச்சிருவேன், டாக்டர். இவ அப்பத்தான் வருவா” என்றார் ஒருவர் பெருமையாக. மனைவி மெதுவாகச் சொன்னார்: “நெஞ்சு அடைக்குன்னு கூப்பிட்டேன். இவங்க திரும்பியே பாக்கல்ல.”

சக்கரத்தை ஒட்டிப் போகும் வித்தை பந்தயக்காரர்களுக்கு. நமக்கு வேண்டியது அந்த மனசு! தளர்ந்தவரே வேகத்தைத் தீர்மானிக்கட்டும். திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரி. திணறினால் குறையுங்கள். நெஞ்சு அழுத்தினாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். கஷாயம் போட உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்!