பின் நம்பர் சரியாக இருந்தால் தப்பு உங்களுடையதா? கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எழுப்பிய கேள்வி

கார்டு திருடுபோகிறது. பிளாக் பண்ணுவதற்குள் யாரோ கடையில் பொருள் வாங்கிவிடுகிறார்கள். வங்கியில் கேட்டால், "பின் நம்பர் சரியாக இருந்ததே, நீங்கதான் யாரிடமோ சொல்லியிருப்பீங்க" என்று பதில். இதற்கு மேல் என்ன பேசுவது?

அந்தப் பதிலை அப்படியே நம்ப மறுத்தவர் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன். கார்டு சிப், ஏடிஎம், ப்ரீபெய்டு மின் மீட்டர் போன்ற கருவிகள் எங்கே ஏமாறும் என்று ஆராய்வதும், அதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும்தான் அவர் வேலை. 2024 மார்ச்சில் காலமானார்.

ஒரு வழக்கைப் பாருங்கள். தான் எடுக்காத பணம் ஏடிஎம் வழியாகப் போயிருக்கிறது என்று புகார் கொடுத்தார் இங்கிலாந்து போலீஸ்காரர் ஒருவர். எங்கள் சிஸ்டத்தில் தப்பே நடக்காது என்றது நிதி நிறுவனம். கடைசியில், மோசடிக்கு முயன்றதாக 1994-ல் புகார் கொடுத்தவருக்கே தண்டனை! மேல்முறையீட்டில் அவர் தரப்பு நிபுணராக வந்த ஆண்டர்சன், சிஸ்டத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். நிறுவனம் மறுத்தது. சோதிக்கவே விடாத சிஸ்டத்தின் கணக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை. 1996-ல் போலீஸ்காரர் விடுதலையானார்.

அதன்பிறகு சிப் கார்டு வந்தது. இனி பிரச்சினையே இல்லை என்றார்கள். 2010-ல் ஆண்டர்சனும் சக ஆய்வாளர்களும் அதையும் ஏமாற்றிக் காட்டினார்கள்.

எப்படி? கடையில் நீங்கள் போடும் பின் சரியா என்று மெஷின் கார்டு சிப்பிடம் கேட்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கருவியை நுழைத்தார்கள். கேள்வியை அது சிப்புக்கு அனுப்பாமல், தானே 'சரி' என்று சொல்லிவிடும். சிப்போ, வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார் என்று நினைத்துக்கொள்ளும். 0000 போட்டாலும் போதும். ரசீதில் 'பின் சரிபார்க்கப்பட்டது' என்றே வரும். (ஏடிஎம்மில் இது பலிக்காது. அங்கே பின்னைச் சரிபார்ப்பது வங்கியின் கணினி.)

அதே ஆண்டு டிசம்பரில், இது தொடர்பான ஒரு மாணவரின் ஆய்வேட்டை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி கார்டு நிறுவனங்களின் சங்கம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியது. நியூட்டனும் டார்வினும் இருந்த இடம் இது, யாருக்கோ சங்கடம் என்பதற்காக ஆய்வை மறைக்க மாட்டோம் என்று பதில் போட்டார் ஆண்டர்சன். அதோடு விடவில்லை. அந்த ஆய்வேட்டைத் துறையின் அதிகாரப்பூர்வ அறிக்கையாகவும் வெளியிடச் செய்தார். வாத்தியார் என்றால் இப்படி இருக்கணும்!

ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடக்கிற வித்தை என்று அதை ஒதுக்கவும் முடியவில்லை. பிரான்சில் திருடிய சுமார் 40 கார்டுகளில் இதே தந்திரத்தைப் புகுத்தி, ஏறக்குறைய 6 லட்சம் யூரோ சுருட்டிய கும்பல் பின்னர் பிடிபட்டது.

இந்தியாவில் என்ன நிலை? அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகளில், வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் உத்தரவிட்டது. அதே உத்தரவில், பின்னை நீங்களே பகிர்ந்திருந்தால் புகார் கொடுக்கும்வரையான நஷ்டம் உங்களுடையது என்றும் இருக்கிறது. "பின் சரியாக இருந்தது" என்று மட்டும் வங்கி சொன்னால், அதைச் சரிபார்த்தது கார்டின் சிப்பா, வங்கியின் கணினியா என்று எழுத்தில் கேளுங்கள்.