மன்னிப்பு மனுவும் காத்திருப்பும்



சமணமலை அடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடியை மதுரை மக்களாகிய நாம் அறிவோம். 1914ஆம் ஆண்டு இவ்வூர்க் கள்ளர் மக்கள்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்று பாராமல் ஒரு சமூகத்தின்மீதே முத்திரை குத்தப்பட்டது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. முத்திரை குத்துவது எளிது. அதை நீக்குவதுதான் கடினம்.

நீதிமன்றமே குற்றவாளி எனத் தீர்ப்பளித்தவர்களின் நிலை என்ன? ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. அவரது கருணை மனு 2000இல் குடியரசுத் தலைவருக்குச் சென்றது, 2011இல்தான் மறுக்கப்பட்டது. இந்தத் தாமதத்தைக் காரணம் காட்டி 2014இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை ஏழு பேரின் விடுதலைக்குப் பரிந்துரைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்காத ஆளுநர், பின்னர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அதிகாரம் குடியரசுத் தலைவருக்கே என மத்திய அரசும் வாதிட்டது. அரசியல் சாசனத்தின் 161ஆம் பிரிவின்படி, இவ்வழக்கில் ஆளுநர் அமைச்சரவையின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்றது உச்ச நீதிமன்றம். 2022 மே 18 அன்று பேரறிவாளனையும், நவம்பரில் மற்ற அறுவரையும் விடுவித்தது. அறுவரில் ஒருவர் மதுரை மத்திய சிறையில் நெடுங்காலம் இருந்தவர்.

விடுதலை என்பது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் உறவுகளை இழந்தோரின் கண்ணீரையும் நாம் மறந்துவிடலாகாது. தம்மைச் சுட்டவரைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1983இல் சிறைக்கே சென்று சந்தித்தார். ஆனால் இத்தாலிய அரசின் மன்னிப்பு அவருக்கு 2000இல்தான் கிடைத்தது. உள்ளத்தின் மன்னிப்பு வேறு, அரசின் மன்னிப்பு வேறு. முன்னதைச் சட்டத்தால் வற்புறுத்த முடியாது. பின்னதைக் கோப்புக்குள் முடக்கி வைப்பதோ நீதியாகாது. மறுப்பதானாலும் காலத்தில் மறுக்க வேண்டும்.

பேரறிவாளனுக்காக அலைய அற்புதம்மாள் என்ற தாய் இருந்தார். அப்படி யாருமற்ற கைதிகள் எத்தனை பேர்! சிறையில் இருப்போர் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச சட்ட உதவி பெறலாம். இதை அவர்தம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வோம். தண்டனை முடிந்து நம் தெருவுக்குத் திரும்புவோரை மீண்டும் ஒருமுறை தண்டிக்காதிருப்போம். அந்த மன்னிப்புக்கு ஆளுநரின் கையொப்பம் தேவையில்லை.